பல் செட் கடையும் ஒரு கோடி வருடத்துப் பல்லும்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எட்டுக்குப் பத்தடி அறையில் எங்க நைனா முப்பத்தைந்து வருடம் பல் செட் செய்தார். அவர் டாக்டர் இல்லை, மெக்கானிக். ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் பல் டாக்டர்கள் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவு ஊற்றி, மாடல் எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வேகவைத்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை.

ஆல்ஜினேட் என்ற அளவெடுக்கும் பசையில் எடுத்த அச்சு ஈரத்துணியில் சுற்றித்தான் வரும். நேரம் போனால் தண்ணீர் வற்றிச் சுருங்கிவிடும். சுருங்கிய அச்சில் செய்த செட் யார் வாயிலும் உட்காராது. அதனால் அச்சு வந்தவுடன், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். ரப்பர் கிண்ணத்தில் மாவைக் கலக்கி, அச்சின் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மேஜை விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுவார். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக மேலே வரும். அப்புறம் மாவு இறுகுவதற்கு முன் அதன் அடியில் ஒரு ஆணியால் எண் கீறுவார். ஒன்பது வயதிலிருந்து அந்த எண் எழுதும் வேலை எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள் குரல் வரும்: "நம்பர் எய்தினியாம்மா? ஈரம் காயறதுக்குள்ள எய்து. காஞ்சிடுச்சின்னா யார் வாயின்னே தெரியாம பூடும்."

இன்று நான் குரங்கினங்களின், அதாவது குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் எல்லாம் சேர்ந்த வகையின், புதைபடிவங்களை ஆராய்கிறேன். இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகளில் கிடைக்கும் பற்களையும் தாடைத் துண்டுகளையும் பார்த்து, அவை எந்த விலங்கு, என்ன தின்றது, யாருக்கு உறவு என்று சொல்லும் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் தெருப் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: இந்தப் படிப்புக்கு எப்படிப் போவது, போனால் சோறு கிடைக்குமா. இரண்டையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் பல். பல்லின் மேல் இருக்கும் எனாமலில் சுமார் 96 சதவீதம் கனிமம். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். செத்த விலங்கின் எலும்பைக் கழுதைப்புலி கடிக்கும், ஆறு உருட்டும், வேர் அரிக்கும். பல் தாங்கும். ஒரு விலங்குக்கு மண்டை ஓடு ஒன்று, பல்லோ நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் 32. அதனால் தொன்மையான குரங்கினங்களில் பல, நமக்கு வெறும் பற்களாகவும் தாடைத் துண்டுகளாகவும் மட்டுமே தெரியும். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ஆசியாடேபிஸ் போன்றவை சுமார் 5.4 கோடி ஆண்டு பழையவை. இந்தியாவில் கிடைத்த குரங்கினங்களில் மிகத் தொன்மையானவற்றில் சேர்ந்தவை. அவற்றின் கடைவாய்ப்பல் உளுந்து மணியை விடச் சிறியது.

பிளஸ் டூவில் எங்கள் டியூஷன் நோட்ஸில் ஒரு கேள்வி உண்டு: மனிதனின் முன்னோடி எது? விடை: ராமாபிதேகஸ். நான் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள். பல் மருத்துவம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன், கிடைக்கவில்லை. அரசுக் கல்லூரியில் புவியியல் பட்டப்படிப்பில் இடம் இருந்தது. மேப் வரையும் புவியியல் வேறு, இது பாறையையும் மண்ணையும் படிக்கிற ஜியாலஜி. "மண்ணப் படிச்சி இன்னா பண்ணப் போற" என்று பெரியம்மா கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் வருடம் அரியலூருக்குக் கூட்டிப்போனார்கள். கொளுத்தும் வெயிலில், தரையில், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் ஓடு. டைனோசர் காலத்துக் கடல் அங்கே இருந்திருக்கிறது. காசிமேட்டுக் கடலைத் தினம் பார்த்து வளர்ந்த எனக்கு, கடல் என்பது இடம் மாறும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

குரங்கினங்களைத் தேடுகிறவள் வடக்கே போகத்தான் வேண்டும். பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பது சார்னகைட். பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறையில் எலும்பு தங்காது. சிவாலிக்கில் இருப்பதோ இமயமலையிலிருந்து இறங்கிய ஆறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கொட்டிய மணலும் வண்டலும். செத்த உடலை மண் சீக்கிரம் மூடினால்தான் படிவம் ஆகும். நான் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு இரவு ஒரு பகல் டெல்லிக்குப் போய், அங்கிருந்து வடக்கே எம்.எஸ்சி. சேர்ந்தேன். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலம் எழுதத் தெரியும், பேச நாக்கு எழாது. முதல் ஆறு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த பயம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: களத்துக்குப் போனபின் மொழி தானாக வந்தது. ஆடு மேய்க்கிறவரிடம் வழி கேட்டாக வேண்டும், டீ வாங்கியாக வேண்டும். ஒரே சீசனில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அங்கே முதல் பருவத்திலேயே என் மனப்பாட விடை உடைந்தது. 1932இல் ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர், இமாச்சலப் பிரதேசத்தின் ஹரித்தல்யாங்கரில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். சில பற்கள் மட்டும் உள்ள ஒரு பக்கம். கோரைப்பல் சிறியது, முகம் குட்டையாக இருந்திருக்கும், மனிதச் சாயல் என்று கருதி ராமாபிதேகஸ் எனப் பெயரிட்டார். 1960களில் தொல்லுயிர் ஆய்வாளர்கள் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் அதை மனித வம்சத்தின் தொடக்கமாக முன்வைத்தார்கள். இல்லாத மறு பாதியை ஊகித்து வரைந்தபோது பல்வரிசை நம்முடையதைப் போல வளைவாக வந்தது. 1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். எலும்புக்காரர்கள் பலர் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் போத்வார் பீடபூமியில் இன்னும் முழுமையான தாடைகளும், கடைசியில் சிவாபிதேகஸ் என்ற பழைய வாலில்லாக் குரங்கின் முகம் ஒன்றும் கிடைத்தன. பில்பீம் 1982இல் அந்த முகத்தை வெளியிட்டார். அப்படியே ஒராங்குட்டான் சாயல். ராமாபிதேகஸ் என்று தனியாகச் சொன்னதையும் இன்று சிவாபிதேகஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பில்பீமின் நேர்மை. தான் வாதாடி நிலைநாட்டிய கருத்தைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். நைனாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். "பாதி அச்ச வச்சி மீதி வாய எப்பிடிம்மா அடிக்கிறது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எவனுக்குமே இருக்காதே" என்றார். அவர் சொன்னது தொழில் பேச்சு. ஆனால் சிக்கல் சரியாக அங்கேதான் இருந்தது.

பற்களைப் படிக்கக் கற்பதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. நம் ஊர்க் குரங்குக்கும் முசு என்கிற லங்கூருக்கும் கடைவாய்ப்பல்லில் நாலு முகடு. இரண்டிரண்டாகச் சேர்ந்து குறுக்கே இரண்டு வரப்பு போல நிற்கும். வாலில்லாக் குரங்குக்கும் நமக்கும் கீழ்க்கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் ஐந்து முகடு, நடுவே ஆங்கில ஒய் எழுத்து போல ஓடும் பள்ளம். கண்ணாடி முன் வாயைத் திறந்து உங்கள் முதல் கீழ்க்கடைவாய்ப்பல்லைப் பாருங்கள், அடைக்காத பல்லாக இருந்தால் தெரியும். எனக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. நைனாவின் மாடல்களில் ஆயிரம் தடவை விரல் ஓட்டிய பள்ளம் அது.

ஆனாலும் தடுக்கி விழுந்தேன். என் வழிகாட்டி ஒருநாள் மேஜையில் நாற்பது பற்களைப் பரப்பி, குரங்கினங்களை மட்டும் பிரிக்கச் சொன்னார். ஒன்பதை எடுத்துத் தனியே வைத்தேன். அதில் மூன்று பன்றிப் பல். பன்றியும் நம்மைப்போல எதையும் தின்னும்; அதன் கடைவாய்ப்பல்லிலும் மொட்டையான முகடுகள். தேய்ந்துபோனால் நன்றாக ஏமாற்றும். 1922இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரு தேய்ந்த பல்லைப் பார்த்து அங்கே வாலில்லாக் குரங்கு வாழ்ந்தது என்று பெயரே வைத்துவிட்டார். 1927இல் அது பன்றிக்கு உறவான பெக்கரி என்ற விலங்கின் பல் என்று தெரிந்து கைவிடப்பட்டது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் குரங்குப் பல்லைப் படிப்பதற்கு முன் பன்றி, கரடி, முள்ளம்பன்றிப் பற்களைப் படியுங்கள். சிவாலிக்கில் குரங்கினப் பல் அரிது. நூறு துண்டு பொறுக்கினால் மான், மாடு, பன்றி, யானை, முதலை என்று போகும். எது இல்லை என்று தெரிந்தவருக்குத்தான் எது என்று தெரியும்.

களவேலை மழைக்காலம் முடிந்தபின் தொடங்கும். மழை மண்ணை அரித்துப் புதிதாகச் சில துண்டுகளை வெளியே தள்ளியிருக்கும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பிறகும் வெயில் சாய்வாக விழும்போது எனாமல் மின்னும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே நிறம். குனிந்து, சரிவில் மேலும் கீழும், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 2015இல் ஜம்மு பகுதியின் ராம்நகரில், கிறிஸ்டோபர் கில்பர்ட் குழுவினர் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பும் நேரம், மண் குவியலில் ஏதோ மின்னியிருக்கிறது. எடுத்தால் ஒரே ஒரு கீழ்க்கடைவாய்ப்பல். அதை சி.டி. ஸ்கேன் செய்து, இன்றைய குரங்குகளோடும் பழையவற்றோடும் ஒப்பிட்டு, ஐந்து வருடம் கழித்து 2020இல்தான் கபி ராம்நகரென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிப்பன் என்ற சின்ன வாலில்லாக் குரங்கு வம்சத்தின் மிகப் பழைய சான்று, சுமார் 1.3 கோடி ஆண்டு. சமஸ்கிருதத்தில் கபி என்றால் குரங்கு. நம் பழந்தமிழிலும் கவி என்று உண்டு. ஒரு பல்லுக்கு ஐந்து வருடம் என்பதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் வாடுகிறது. எனக்கு அதில்தான் மரியாதை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. குன்றுகளில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நான் ஒரு சீசன் முழுக்கச் சிறுநீர்த் தொற்றில் அவதிப்பட்டேன். தண்ணீர் குடியுங்கள், கூட வருகிறவர்களிடம் "பத்து நிமிஷம்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் பூட்ஸ், விசில். தனியாக எந்த ஓடைக்குள்ளும் இறங்காதீர்கள். மதிய இடைவேளையில் ஊர்ப் பெண்களோடு உட்காருங்கள். எங்கே கல்லாய்ப் போன எலும்பு கிடக்கிறது என்று எனக்கு முதலில் காட்டியது புல் அறுக்கப் போன ஒரு பாட்டிதான்.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று.

ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். ஐந்து நாள் வெவ்வேறு சரிவுகளில் பொறுக்கியதைப் பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எண், தேதி, பாறை அடுக்கு எழுதி வைத்தேன். ஜெல் பேனாவால் எழுதினேன். நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே ஏற்ற வேண்டியதை, அலுப்பில், "நாளைக்கு" என்று தள்ளிப்போட்டேன். அன்று இரவு காலமில்லாத மழை. தங்கியிருந்த அறையின் தகரக்கூரை ஒழுகி, பைகள் இருந்த ட்ரே தொட்டியாக நின்றது. காலையில் பார்த்தால் காகிதம் எல்லாம் நீலக் கறை. ஒட்டியிருந்த மண்ணின் நிறத்தையும் மணலின் பருமனையும் வைத்துப் பெரும்பாலானவற்றை எந்த இடம் என்று பிரித்துவிட்டோம். நன்றாகக் கழுவி வைத்திருந்த ஒரு பல்லை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதுதான் அந்த சீசனின் ஒரே குரங்குப் பல். நாலு முகடு, இரண்டு வரப்பு, பின்னால் சின்னதாக ஒரு ஐந்தாம் முகடு. கீழ்த்தாடையின் கடைசிப் பல்.

அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதில்தான் அதன் உயிர் இருந்தது. 80 லட்சம் ஆண்டு அடுக்கு என்றால் ஒரு செய்தி, 30 லட்சம் என்றால் வேறு செய்தி. இடம் போனால் வயது போச்சு. வயது போனால் அது ஒரு அழகான கல், அவ்வளவுதான். என் வழிகாட்டி திட்டவில்லை. "பத்திரமாக வை" என்றார். அன்று இரவு முழுக்க எனக்குக் கேட்டது நைனாவின் குரல்தான். ஒன்பது வயதில் தெரிந்திருந்ததை இருபத்தைந்து வயதில் மறந்திருந்தேன்.

அதிலிருந்து என் வழக்கம்: பென்சிலால்தான் எழுதுவேன், ஈரத்தில் கரையாது. ஒரே எண்ணை இரண்டு சீட்டில் எழுதி, ஒன்றைத் தனிச் சின்ன ஜிப் கவரில் போட்டுப் பைக்குள், இன்னொன்று வெளியே. எடுக்கும் முன் கிடக்கும் இடத்தோடு படம், ஜி.பி.எஸ். அளவு, அடுக்கின் பெயர் மூன்றும். சாப்பிடுவதற்கு முன் நோட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். ஆய்வகத்துக்கு வந்தபின், படிவத்தின் ஓரத்தில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு என்ற பிசினை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் மையால் எண். மாணவர்கள் "ஏன் மேடம் நாலு தடவை" என்று கேட்பார்கள். அந்தப் பல்லை எடுத்துக் காட்டுவேன்.

பணம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், முதல் இரண்டு வருடத்துக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வு உண்டு. ஆனால் பணம் மாதாமாதம் வரும் என்று நம்பி இறங்காதீர்கள். நான் இருந்த இடத்தில் ஒருமுறை ஏழு மாதம் சேர்த்து வந்தது. அந்த ஏழு மாதமும் அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பினார். குறைந்தது நாலு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முனைவர் பட்டத்துக்குப் பின் லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், டேராடூனின் வாடியா நிறுவனம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, பல்கலைக்கழகங்கள் என்று வழிகள் உண்டு. ஆனால் இடங்கள் கொஞ்சம். குரங்கினங்களை மட்டும் நம்பாமல், பாறை அடுக்கு அளப்பது, சின்னப் பாலூட்டிகளின் பல் என்று இன்னொன்றையும் கையில் வைத்திருங்கள்.

என்னைக் காப்பாற்றிய இன்னொன்று அச்சு. ஒரு விலங்கு கடைசி நாட்களில் என்ன மென்றது என்பது எனாமலின் மேல் கீறலாகவும் குழியாகவும் இருக்கும். கடினமான கொட்டை தின்றால் குழி கூடும், இலை தின்றால் கீறல் கூடும். அசலை எல்லா நேரமும் மைக்ரோஸ்கோப்பில் ஏற்ற முடியாது. பல் டாக்டர்கள் அளவெடுக்கும் அதே சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றி நகல் செய்வோம். ஒரு குமிழி விழுந்தால் அதைக் குழி என்று எண்ணிவிடுவோம், முடிவே மாறிவிடும். எங்கள் ஆய்வகத்தில் மற்றவர்களின் நகல்களில் குமிழி வந்தது. நான் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல விட்டு, மேஜை விளிம்பில் தட்டித் தட்டி ஊற்றினேன். சுத்தமாக வந்தது. என் ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயம் அந்த நகல்களில்தான் நிற்கிறது. தச்சு, வெல்டிங், வலை பின்னுதல் என்று எந்தக் கைவேலைக் குடும்பத்திலிருந்து வந்தாலும், அந்தக் கையை இந்தத் துறை கேட்கும். தயங்காமல் சொல்லுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். நைனா கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. கை நடுங்குகிறது, ஆனால் லென்ஸும் ரப்பர் கிண்ணமும் பரணில் இருக்கின்றன. இடம் தெரியாமல் போன அந்தப் பல்லின் அச்சைக் கொண்டுவந்திருந்தேன். அவரே மாவு கலக்கினார். நான் ஊற்றினேன், அவர் தட்டினார். ஊற்றும் முன்பே லென்ஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார்.

"வயசான குரங்கும்மா இது. முன் வரப்பு பாதி தேஞ்சிருக்கு பாரு. நம்பர் இன்னா?"

"இல்ல நைனா. அப்ப எழுதாம வுட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மேஜை இழுப்பறையில் கை விட்டு ஆணியைத் தேடி எடுத்தார். ஈரம் காயாத மாவில் அன்றைய தேதியைக் கீறினார். அதன் கீழே, நடுங்கிய எழுத்தில், என் பெயர்.

"இதுவாச்சும் தெரியுதில்ல" என்று என் பக்கம் நகர்த்தினார்.